நேர்கோட்டில் வந்த மகன்

எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு மாடிப்படி ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் வழி தவறி வருகிறவர்கள். கீழே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி, பக்கத்துக் கதவு கண்ணாடிக் கடை. மீதிப் பாதிப் பேர் சரியாகத்தான் வருவார்கள். என்னைப் பார்த்த பிறகு வழி தவறிவிட்டதாகச் சொல்லி இறங்கிப் போய்விடுவார்கள்.

அன்று காலை வந்த பெரியவர் இரண்டிலும் சேரவில்லை. நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். சட்டையில் ஒரு பொத்தான் பிசகவில்லை. மேஜைமேல் இரண்டு கைகளையும் வைத்தார். ஒரு கையில் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன, மறு கையில் நீளமாக வளர்ந்திருந்தன.

வந்தவர் வாயைத் திறக்குமுன்பே அவரைப் பற்றி ஏதாவது சொல்லி அசத்த வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை.

"நீங்க கிதார் வாசிப்பீங்க" என்றேன். கிதார் வாசிக்கிறவர்கள் கம்பியை மீட்ட ஒரு கை நகத்தை மட்டும் வளர்ப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.

"பல் பிடுங்குவேன். இப்ப அதுவும் இல்ல, ஓய்வு" என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மச்சினி இருமினாள். அது இருமல் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் மனைவியின் தங்கையான அவள்தான் என் உதவியாளர். அவளை வேலைக்கு வைத்தது நான் அல்ல, என் மனைவி. தனியாக விட்டால் இந்த மனுஷன் எங்காவது போய் மாட்டிக்கொள்வார் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அதுதான் அவளுடைய நியமன உத்தரவு.

"சொல்லுங்க ஐயா, என்ன தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டேன். எங்களிடம் வருவதெல்லாம் தொலைந்துபோன நாயும் பூனையும்தான். அவையும் பெரும்பாலும் தாமாகவே வீடு திரும்பிவிடும்.

"என் புத்தி தொலைஞ்சு போச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. நிஜமாவே போச்சா, இல்லையான்னு நீங்க கண்டுபிடிக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

அவர் சொன்னது இதுதான். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டில் இருக்கிறார். மகன் உலகத்தின் மறுகோடியில் வேலை பார்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளும் மருமகனும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தார்கள். இவர் தனியாக இருந்தார். அப்போது மகன் வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பாவின் நகம் வளர்ந்திருப்பதைப் பார்த்து வெட்டிவிட ஆரம்பித்தான். இவர் அந்தச் சுகத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது மகன் இல்லை, மகளின் கார்தான் வாசலில் நின்றது.

இதை மகளிடம் சொன்னார். அவள் பயந்துபோய் மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் அங்கேதான் இருப்பதாகச் சொன்னான். நீங்களே நகத்தை வெட்டிக்கொண்டு பாதியில் மறந்திருப்பீர்கள் என்றாள் மகள். டாக்டர் ஏதோ மாத்திரை எழுதிக்கொடுத்தார். அக்கா கூப்பிட்டாள் என்று மகன் புதன்கிழமை பெட்டியோடு வந்து இறங்கினான். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடும்பமாக உட்கார்ந்து, இவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

"போறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் பெரியவர். "ஆனா பைத்தியம்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன்."

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கணினியின் முன் உட்கார்ந்தேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டினால் நடுவில் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும் பக்கம் ஒன்று இருக்கிறது. தட்டினேன். எட்டாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு மைல். பதினேழு மணி ஐம்பத்தைந்து நிமிடம். ஞாயிறு சாயங்காலம் இங்கே இருந்தவன் திங்கள் காலை எட்டு மணிக்கு அங்கே போனை எடுக்க முடியாது. ராக்கெட்டில் போனால்தான் உண்டு.

கணக்கு இவ்வளவு சுலபமாக எனக்கு எப்போதும் வந்ததில்லை. அந்த மிதப்பில் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, "மன்னிக்கணும் ஐயா, இது நடக்கவே நடக்காது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மேஜைமேல் இருந்த கைகளை எடுத்துக்கொண்டார். எழுந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். என் வாயைத் தைத்திருக்கலாம். மச்சினி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் நீட்டிய பக்கம் இடது கை இருந்ததால் அதில் வாங்கினார். டம்ளர் கிடுகிடுவென்று ஆடித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. வலது கைக்கு மாற்றிக்கொண்டு குடித்தார்.

"மத்தியானம் வீட்டுக்கு வர்றோம் ஐயா" என்றாள் மச்சினி. "யார்னு கேட்டா உங்க பழைய பேஷண்டுன்னு சொல்லுங்க. இவருக்குப் பல் வலி."

"எனக்கு எங்க பல் வலி?" என்றேன்.

"வராமலா போகும்?" என்றாள்.

பெரியவர் இறங்கிப் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மனுஷன் தன் புத்தியைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வந்திருக்கிறார், அதை இரண்டு எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டீர்களே என்றாள். கணக்கு கணக்குதானே என்று இழுத்தேன். "போனுக்கென்ன காலா இருக்கு மாமா? எங்கேருந்து எடுத்தாலும் ஹலோதான்" என்றாள். இதை நான் யோசித்திருக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னேன்.

மத்தியானம் போனோம். நீளமான கூடமும் பின்பக்கம் துணி காயும் முற்றமுமாக அடக்கமான வீடு. மகள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்; அலுவலக அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. அரக்கியாக இருப்பாள் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். அப்பா தனியாக இருக்கும்போது முன்பின் தெரியாத எவனையோ உள்ளே விட்டு, மகன் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தாரோ என்று நினைத்து ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து வாசல் கதவை இழுத்துப் பார்ப்பதாக மச்சினியிடம் சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

பெரியவர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். நாடகத்துக்காகத்தான். ஆனால் ரொம்ப நேரம் பார்த்தார்.

மகன் சோபாவில் இருந்தான். நாற்பதை நெருங்கும் வயது, வழித்த முகம், பளிச்சென்ற கண். நான் வாயைத் துடைத்துக்கொண்டு அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். ரொம்பத் தூரமோ என்று கேட்டேன்.

"எட்டாயிரத்து எழுநூத்திப் பன்னெண்டு மைல்" என்றான். "பதினேழு மணி ஐம்பத்தஞ்சு நிமிஷம்."

நான் பார்த்த பக்கத்தில் இருந்த அதே எண். ஒரு மைல் பிசகவில்லை. பொய் சொல்கிறவன் இப்படித் துல்லியமாகச் சொல்வானா? இவன் நூற்றுக்கு நூறு உத்தமன் என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டேன்.

மச்சினி நடுவில் புகுந்தாள். "நடுவுல எங்க இறங்கி மாறினீங்க?"

"மாறவே இல்லீங்க. நேரா இங்கதான்."

"கால் வீங்கியிருக்குமே?"

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். பிறகு, "இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றான்.

தெருவுக்கு வந்ததும் நான் என் தீர்ப்பை அறிவித்தேன். அவள் நடையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாமா, நீங்க விமானத்துல போயிருக்கீங்களா?"

"போனதில்ல."

"அதான். என் தோழி ஒருத்தி அந்தப் பக்கத்துலேருந்துதான் வருவா. ஒரு நாளாவது எத்தனை மைல்னு சொன்னதே இல்ல. நடுவுல மாத்துற இடத்துல நாற்காலி சரியில்ல, பக்கத்து சீட்காரன் குறட்டை விட்டான், பெட்டி வந்து சேரல, கால் பூரி மாதிரி ஊதிப்போச்சு, இதைத்தான் ஒரு வாரம் சொல்லுவா. போய் வந்தவங்க புலம்புவாங்க. போகாதவங்கதான் மைல் சொல்லுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"அப்புறம் ஒண்ணு. புதன்கிழமை இறங்கினவர், இன்னிக்கு வெள்ளி. நம்ம மத்தியானம் அங்க நடுராத்திரி, தூங்கி வழிய வேண்டாமா? உங்களைவிடத் தெளிவா இருக்காரு."

"அது பெரிய விஷயமில்ல" என்றேன். யாரும் என்னைவிடத் தெளிவாக இருக்கலாம்.

செல்போனில் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தோம். பெரிய எழுத்தில் மைல், பெரிய எழுத்தில் நேரம். காலையில் அதைப் படித்ததுமே விருது வாங்கப் போகிறவன் மாதிரி நிறுத்திவிட்டேன் அல்லவா? மச்சினி விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி. இது உலக உருண்டைமேல் நேராகக் கோடு இழுத்துப் போட்ட கணக்கு. இந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேரடி விமானம் கிடையாது.

முனையில் ஒரு விமானச் சீட்டு அலுவலகம் இருந்தது. உள்ளே போய்க் கேட்டோம். அங்கே இருந்தவர் சிரித்தார். அந்த இரண்டு ஊருக்கும் நேராக விமானம் விட்டால் முதல் சீட்டைத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஓரிடத்திலாவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும், வீடு வந்து சேர ஒன்றரை நாள் ஓடிவிடும் என்றார்.

ஆக, உத்தமன் வந்ததாகச் சொன்ன விமானமே உலகத்தில் இல்லை. நானும் அவனும் ஒரே பக்கத்தைப் படித்து, ஒரே இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். அவன் பொய் சொல்லப் படித்தான், நான் அதைக் கண்டுபிடிக்கப் படித்தேன். இரண்டு பேருக்கும் அடிவரை போகப் பொறுமையில்லை.

"நகத்தைப் பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"பாத்தேனே. கிதார்."

"வெட்டியிருக்கிறது வலது கை. வலது கை நகத்தை இடது கையாலதான் வெட்டணும். அவரு இடது கை டம்ளரையே பிடிக்க மாட்டேங்குது. காலையில தண்ணி எதுக்குக் கொண்டாந்தேன்னு நெனச்சீங்க?"

தாகத்துக்கு என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

மூன்றரைக்கு மகன் வீட்டைவிட்டு வெளியே வந்தான். பின்தொடர்வது என் வேலை. அதில் மட்டும் யாரையும் தலையிடவிடுவதில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தபடி நடந்தேன். முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிளின் மேல் இடித்தேன். இரண்டாவது திருப்பத்தில் சைக்கிள்காரர் என்னைப் பின்தொடர்ந்து வந்து திட்டினார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய லாட்ஜ். அதன் வாசல் வரை போன மகன் திரும்பிப் பார்த்தான்.

"பல் வலி பரவாயில்லையா சார்?" என்றான்.

நான் செய்தித்தாளை இறக்கினேன். தாடையைப் பிடித்துக்கொண்டேன். என் மானத்தைக் காப்பாற்றியது லாட்ஜ் வரவேற்பு மேஜையில் இருந்தவர். உள்ளே இருந்தபடியே, "சார், ரெண்டு நாளா ஆளைக் காணோமே. சலவைத் துணி வந்திருக்கு. இந்த ரெண்டு மாசத்துல ஒரு தடவையாவது சாவியை ஒழுங்காக் குடுத்துட்டுப் போயிருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

அவன் முகம் வெளிறிப்போனது. பின்னாலேயே வந்துவிட்ட மச்சினி அவனை உள்ளே பெஞ்சில் உட்காரவைத்தாள்.

நாங்கள் யார் என்று சொன்னதும் அவன் எதையும் மறைக்கவில்லை. அங்கே கம்பெனியில் ஆள் குறைத்தபோது இவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. வேறு வேலை கிடைத்த பிறகு, வேண்டுமென்றே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தான். தம்பியைப் பற்றிப் பெருமை பேசாமல் அக்காவுக்கு ஒரு நாள் விடியாது. அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு வழியாக நடந்தான். கார் கிளம்பிப் போவதைப் பார்த்தான். கால் தானாக உள்ளே போய்விட்டது.

"அப்பா கை நகம் அவ்வளவு வளர்ந்திருந்துச்சு. ஒரு கை முடிச்சேன். கார் சத்தம் கேட்டுச்சு. பின்பக்கமா ஓடிட்டேன். கண்ணசந்திருந்தாரே, கனவுன்னு நெனச்சுக்குவாருன்னு..." பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். "மறுநாள் அக்கா போன் பண்ணினப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. வேலை கிடைச்சதும் நானே சொல்லிடறேன்."

"அதுக்குள்ள உங்கப்பா பெட்டி கட்டிடுவாரு" என்றாள் மச்சினி. அவள் நையாண்டி பண்ணாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் நாங்கள் வேலை செய்தது பெரியவருக்காக. நாலே முக்காலுக்கு வீட்டின் பின்முற்றத்தில், காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே அவரைப் பிடித்தோம். நான் சொன்னேன். எப்போதும் அலங்காரமாகச் சொல்ல ஆசைப்படுகிறவன், அன்றைக்குச் சுருக்கமாகச் சொன்னேன். உங்களுக்கு ஒன்றும் இல்லை, மகன் வந்தது நிஜம், ஏன் மறைத்தான் என்பது இது.

கேட்டு முடித்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு விரிப்பின் முனையைச் சரிசெய்தார்.

"ரெண்டு மாசமா? இந்த ஊர்லயா?" என்றார். "சாப்பிட என்ன பண்ணான்?"

துப்பறிந்த எங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

"நீங்க உள்ள வந்து எதுவும் பேசக் கூடாது" என்றார் பெரியவர். "நான்தானே உங்களைக் கூப்பிட்டேன், நான்தான் நிறுத்தச் சொல்றேன். அவன் தலை குனிஞ்சு நிக்கறதைப் பாக்கறதுக்கு, எனக்குப் புத்தி போச்சுன்னே இருக்கட்டும்."

காலையில் பைத்தியம் என்ற பெயரோடு போக மாட்டேன் என்று சொன்ன மனுஷர். மச்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டு, காயாத துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்து மணிக்குக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மருமகன் இல்லத்தின் படம் போட்ட தாளை மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு, அது ஏதோ தன் தப்பு மாதிரி கையை இழுத்துக்கொண்டார். பழைய பேஷண்ட் என்ற முறையில் நாங்கள் வாசலருகே நின்றோம். குற்றவாளியைச் சுட்டிக்காட்டிப் பேசுவதற்கென்று ஒரு முழுநீளப் பேச்சை நான் பல வருடங்களாகத் தயாராக வைத்திருக்கிறேன். இப்போது சந்தர்ப்பம் வந்தது, பேச உத்தரவில்லை. என் யோகம் அப்படி.

"நான் கனவுதாம்மா கண்டிருக்கேன்" என்று பெரியவரே ஆரம்பித்தார். "வயசாச்சில்ல. நீங்க சேத்துவிடுங்க, நான் போறேன்." மகனைப் பார்க்காமல் சொன்னார்.

மகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மகன் எழுந்தான். விறுவிறுவென்று உள்ளே போனான். மறுபடி பின்பக்கமாக ஓடப் போகிறான் என்று நினைத்து, அவனை மடக்க நான் முற்றத்தைச் சுற்றிப் பாய்ந்தேன். வழியில் இருந்த வாளியில் கால் மாட்டிக்கொண்டது. வாளியோடு சமையலறை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.

எட்டிப் பார்த்தேன், அவன் கூடத்துக்கே திரும்பியிருந்தான். அலமாரியில் தேடி எடுத்த நகவெட்டி கையில் இருந்தது. அப்பாவின் முன் தரையில் உட்கார்ந்து, நடுங்கிய இடது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"மீதி அஞ்சு விரலையும் வெட்டிடறேம்பா" என்றான். "ஞாயித்துக்கிழமை பாதியில விட்டுட்டு ஓடிட்டேன்."

நகவெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவர் மற்றொரு கையை மகனின் தலைமேல் வைத்தார். மகள் அந்தக் கையைப் பார்த்தாள், தம்பியின் முழங்காலில் இருந்த கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.

"திங்கக்கிழமைலேருந்து அவருக்கு மாத்திரை குடுத்துட்டிருக்கேன்டா நான்" என்றாள். சொல்லிவிட்டுத் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் நிமிராமல் ஒவ்வொரு விரலாக வெட்டிக்கொண்டே இருந்தான். மருமகன் மேஜைமேல் இருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இனி இங்கே எங்களுக்கு வேலை இல்லை. மச்சினி என் பக்கம் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாளியை ஓசைப்படாமல் கழற்றி வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் பெரியவர். கண் ஈரமாக இருந்தது, குரல் டாக்டர் குரலாக இருந்தது. "கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். நிஜமாவே சொத்தை. சீக்கிரம் பாத்துடுங்க."

நாக்கால் தடவிப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில் குழி இருந்தது. என் வாய்க்குள்ளேயே இத்தனை நாள் இருந்ததைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லை.